தாய்ப்பால் கொடுப்பவர் வேலைக்குத் திரும்பும்போது: பனியன் கம்பெனி எச்.ஆருக்கு ஒரு வழிகாட்டி

மகப்பேறு விடுப்பு முடிந்து ஒருவர் அடுத்த வாரம் வேலைக்கு வருகிறார். குழந்தைக்கு இன்னும் தாய்ப்பால்தான். எச்.ஆர். பொறுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நிர்வாகம் அநேகமாக ஒரே வரியில் முடித்துவிடும்: “ஒரு ரூம் ஒதுக்கிடுங்க.” ரூம் வேண்டும்தான். ஆனால் திருப்பூர்ப் பக்கம் பல வருடம் இந்த வேலையைப் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்: அறை இருந்தும் பால் வற்றிப்போனவர்கள் உண்டு. அறை பூட்டியிருந்ததால் அல்ல, மெஷினை விட்டு எழுந்திருக்க விடாததால். அதனால் இந்தக் கட்டுரையில் அறைக்குக் கொடுக்கும் இடத்தைவிட நேரத்துக்குக் கொடுக்கும் இடம் அதிகம்.

நான் பனியன் கம்பெனியை வைத்தே சொல்கிறேன். ஜவுளிக்கடை, பள்ளிக்கூடம், சின்ன ஆபீஸ் எதுவானாலும் பெரும்பாலும் இதுவே பொருந்தும்.

முதலில் உடம்பைப் புரிந்துகொள்ளுங்கள்

சூப்பர்வைசரிடம் பேசப்போகும் முன் இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பால் வெளியே போகப் போகத்தான் மேற்கொண்டு சுரக்கும். மார்பில் தேங்கி நின்றால், இவ்வளவு வேண்டாம் என்று உடம்பே சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். சின்னக் குழந்தை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை குடிக்கும். எட்டு மணி நேர ஷிப்டில் ஒரு தடவைகூடப் பால் எடுக்காவிட்டால் முதலில் மார்பு கல்லாகக் கட்டிக்கொள்ளும், வலிக்கும், சட்டை நனையும். அது தொடர்ந்தால் மார்பு சிவந்து, குளிர் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும். தினமும் ஒரு மணி நேரம் கொடுக்கத் தயங்கும் கம்பெனி, பிறகு மூன்று நாள் லீவாக அதைக் கொடுத்துத் தீர்க்கும். புரொடக்‌ஷன் ஆட்களிடம் பேசும்போது இந்தக் கணக்குதான் வேலைக்காகும். தாய்மையின் மகத்துவம் பற்றிய பேச்சை மகளிர் தின மேடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு என்றதும், ‘குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கும், சோறு ஊட்ட ஆரம்பித்திருப்பார்கள்’ என்று நினைத்துவிடுகிறோம். அந்த 26 வாரத்தில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அப்படி எடுத்தவர் திரும்பி வரும்போது குழந்தைக்கு 18 வாரம்தான், நாலு மாதம் சொச்சம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே, அதன்பின் மற்ற உணவோடு சேர்த்து இரண்டு வயதும் அதற்கு மேலும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆகவே உங்கள் கேட்டுக்குள் நுழைகிறவர், குழந்தையின் ஒரே சாப்பாட்டை உடம்பில் சுமந்துகொண்டு வருகிறவராக இருக்கலாம்.

சட்டத்தில் என்ன இருக்கிறது

1961 மகப்பேறு பயன் சட்டமும் அதன் 2017 திருத்தமும்தான் நீண்ட காலம் அடிப்படையாக இருந்தன. 2025 நவம்பர் 21 முதல் இந்த உரிமைகள் 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டன. சாரம் மாறவில்லை. தொழிற்சாலை என்றால் பொருந்தும். கடை, நிறுவனம் என்றால் 10 பேர் வேலை செய்தால் பொருந்தும். பாலூட்டுபவருக்கென்று நீங்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியவை மூன்று.

குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு இடைவேளை போக, தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் உண்டு. ‘போக’ என்ற சொல்லின் கீழ் கோடு போட்டுக்கொள்ளுங்கள். “டீ டைம்ல போய்ட்டு வரட்டும்” என்று சொல்ல வழியில்லை. இந்த இடைவேளைகளுக்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்யவும் கூடாது.

50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். 50 என்பது ஆண், பெண் எல்லாரையும் சேர்த்து. தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை அங்கே போய்ப் பார்க்கலாம். ஓய்வு இடைவேளையும் அந்த நான்கில் அடங்கும்.

வேலையில் சேரும்போதே ஒவ்வொரு பெண்ணுக்கும் இந்த உரிமைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும். 2017 திருத்தம் கொண்டுவந்த விதி இது. எத்தனை அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இந்தப் பத்தி இருக்கிறது என்று உங்கள் ஃபைலைத் திறந்து பாருங்கள்.

“கான்ட்ராக்ட் லேபர்தானே, தினக்கூலிதானே” என்ற வாதமும் வரும். டெல்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்கள் வழக்கில், மகப்பேறு பயன் அவர்களுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டே சொல்லிவிட்டது.

வருவதற்கு முன்பே ஒரு பேச்சு

விடுப்பில் போகும்போது ஒருமுறை, திரும்பி வருவதற்குப் பத்து நாள் முன்பு ஒருமுறை பேசுங்கள். இரண்டாவது பேச்சைப் போனில் வைத்துக்கொள்ளலாம். பெண் ஊழியர் ஒருவர் பேசினால் பாதி கூச்சம் குறையும். “இன்னும் பால் குடுக்கறியா?” என்று கேட்பதைவிட, “குழந்தைக்குப் பால் குடுக்கறவங்களுக்கு நம்ம கம்பெனில தனி நேரம் இருக்குதும்மா. உனக்கு எப்படி வசதின்னு சொல்லு, வர்றதுக்குள்ள ஏற்பாடு பண்ணிடலாம்” என்று ஆரம்பியுங்கள். கேள்வியாகக் கேட்டால், வேலை போய்விடுமோ என்று பயந்து “இல்லைங்க மேடம், நிறுத்திட்டேன்” என்று சொல்லிவிடுவார்கள்.

பதில் மூன்றில் ஒன்றாக இருக்கும். வீடு பக்கம், பாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். அல்லது குழந்தையைக் காப்பகத்தில் விடுவார். அல்லது பாலை எடுத்து வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவார். எது சிறந்தது என்று நீங்கள் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முதலாவது என்றால் உங்கள் வேலை செக்யூரிட்டியிடம்தான். குழந்தையோடு வரும் பாட்டியை வெயிலில் கேட்டுக்கு வெளியே நிற்க வைக்காமல், பெயரை எழுதிக்கொண்டு உள்ளே உட்காரவைக்க ஒரு வரி உத்தரவு போதும். செலவே இல்லாத இந்த ஏற்பாடு, ஆயிரக்கணக்கில் காசு போட்டு வாங்கும் பம்ப்பைவிட நன்றாக வேலை செய்யும்.

மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுப்பவரிடம் ஒன்று சொல்லலாம். வேலைக்கு வருவதற்கு இரண்டு வாரம் முன்பே வீட்டில் பால் எடுத்துப் பழகட்டும். வீட்டில் பார்த்துக்கொள்பவரும், எடுத்த பாலைச் சங்கு போன்ற பாலாடையிலோ சின்னக் கிண்ணத்திலோ கொடுத்துப் பழகட்டும். பாட்டில் காம்பு பழகிய சில குழந்தைகள் பிறகு மார்பில் குடிக்கத் தடுமாறும். பாலாடையில் அந்தச் சிக்கல் இல்லை, கொதிநீரில் போட்டுக் கழுவுவதும் சுலபம்.

நேரம்: லைனில் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம்

“ஏங்க மேடம், அந்தப் பொண்ணு ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை எந்திரிச்சுப் போனா லைன் என்னங்க ஆவறது?” இந்தக் கேள்வி வரும். லைன் என்பது ஒருவர் தைத்ததை அடுத்தவர் வாங்கித் தைக்கும் மெஷின் வரிசை. சூப்பர்வைசர் கெட்டவர் என்று நினைக்காதீர்கள், நியாயமான கேள்விதான். ஓவர்லாக் மெஷினில் பனியனுக்குக் கைப்பகுதி வைத்துத் தைக்கிறவர் எழுந்து போனால், அவர் மெஷினுக்கு முன்னால் பண்டில், அதாவது தைக்க வேண்டிய துணிக்கட்டு, குவியும். அடுத்து சைடு அடிக்கிறவர் கை சும்மா இருக்கும். மணிக்கு இத்தனை பீஸ் என்று போர்டில் எழுதிப் போட்டிருப்பார்கள். அந்த எண் குறைந்தால் திட்டு வாங்குவது சூப்பர்வைசர். சட்டத்தை வாசித்துக் காட்டிவிட்டு நீங்கள் ஆபீஸுக்குப் போய்விட்டால், அன்று மாலையே அந்தப் பெண்ணிடம் முகம் சுளிப்பார். மூன்றாம் நாள் அந்தப் பெண்ணே அறைக்குப் போவதை நிறுத்திவிடுவார்.

முதலில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலை 8:30 ஷிப்டுக்கு வருபவர் ஏழரைக்குக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருப்பார். பதினொன்றுக்குள் மார்பு கனத்துவிடும். அப்போது ஒருமுறை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை, நாலு மணிக்கு ஒருமுறை. சாப்பாட்டு நேரம் அவருடையதே என்பதால் கம்பெனி கொடுக்க வேண்டியது பதினொன்றும் நாலும். எவ்வளவு நேரம்? மெஷினை நிறுத்தி, நடந்துபோய், கை கழுவி, உட்கார்ந்து, பால் இறங்க ஒரு நிமிடம் காத்திருந்து, இரண்டு பக்கமும் எடுத்து, மூடி, பெயர் எழுதி, சாமானைக் கழுவி வைத்துத் திரும்ப அரை மணி நேரம் ஆகும். பாலை எடுப்பதற்கு மட்டும் 15, 20 நிமிடம். கால் மணி நேரம்தான் என்று நெருக்கினால் பதற்றத்தில் பால் இறங்காது. மனசு பதறினால் பால் இறங்க மறுக்கும் என்பது உடம்பின் இயல்பு, சாக்கு இல்லை.

அடுத்து, அந்த அரை மணிக்கு மெஷினில் யார்? ஒவ்வொரு லைனிலும் எல்லா ஆபரேஷனும் தெரிந்த ஒருவர் இருப்பார். அவரை அந்த இரண்டு நேரத்துக்கும் ரிலீவராகப் பெயர் போட்டு எழுதிக் கொடுங்கள். “யாராச்சும் பாத்துக்குவாங்க” என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். ரிலீவர் கிடைக்காத சின்ன யூனிட்டில், அவர் எழுந்து போகும் முன் அடுத்த மெஷினுக்கு அரை மணிக்குத் தாங்கும் பண்டில் சேர்ந்திருக்கும்படி காலையிலேயே வேலையை ஓட்டலாம். நேரம் தினமும் ஒன்றாக இருந்தால் சூப்பர்வைசருக்கும் இது பழகிவிடும். அவருடைய அன்றாட டார்கெட்டில் அந்த ஒரு மணி நேரத்தைக் கழித்தே எண் போடச் சொல்லுங்கள். இதை புரொடக்‌ஷன் மேனேஜர் வாயால் சொல்ல வைப்பது உங்கள் சாமர்த்தியம். எச்.ஆர். சொன்னால் அது அறிவுரை, அவர் சொன்னால்தான் உத்தரவு.

சிலர் சுலபவழி ஒன்று காட்டுவார்கள்: “டெய்லரை செக்கிங்குக்கு மாத்திடலாங்க, எந்திரிச்சுப் போனாலும் தெரியாது.” அவரே கேட்டால் சரி. கேட்காமல் மாற்றினால், டெய்லர் சம்பளத்திலிருந்து இறக்கியதாக ஆகிவிடும். குழந்தை பெற்றதற்காகச் சம்பளத்தைக் குறைத்ததாகத்தான் அவர் அதை எடுத்துக்கொள்வார், சரியாகவே.

இதைவிடப் பெரிய ஓட்டை பீஸ் ரேட்டில் இருக்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு இடைவேளை கொடுத்தால் காசு போகாது. பீஸுக்குக் கூலி வாங்குபவர் எழுந்து போகும் ஒவ்வொரு நிமிடமும் அவர் பாக்கெட்டிலிருந்து போகிறது. ஆள் உரிமையைப் பயன்படுத்தாமல் உட்கார்ந்தே இருப்பார். ரெஜிஸ்டரைப் பார்த்து “அவங்களே கேக்கலைங்களே” என்று கம்பெனி சொல்லும். விடுப்பில் போவதற்கு முந்தைய மூன்று மாதத்துக் கூலியின் தினச் சராசரியை எடுத்து, அதில் ஒரு மணி நேரத்துக்கு வரும் தொகையைத் தினமும் சேர்த்துக் கொடுங்கள். கணக்கு எழுத இரண்டு நிமிடம். சம்பளக் கவரில் அது தனி வரியாகத் தெரியட்டும்.

ஒன்றரை ஷிப்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இரவு 8:30 வரை நிறுத்தினால் ஆறரை மணிக்கு இன்னொரு முறை பால் எடுக்க வேண்டும். ஷிப்மென்ட் நேரத்தில் எல்லாரையும் நிறுத்துவார்கள்தான். பால் கொடுப்பவரை அந்த அரை ஷிப்டுக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். நெருக்கடி வந்தபின் பேசினால் எடுபடாது.

அறை

இடம் பெரிதாக வேண்டாம். ஒரு நாற்காலி, ஒரு சின்ன மேஜை போட்டு ஆள் திரும்ப இடமிருந்தால் போதும். டாய்லெட் மட்டும் கூடாது. அங்கே நாம் யாரும் டிபன் பாக்ஸைத் திறக்க மாட்டோம்.

கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கட்டும். சாவி செக்யூரிட்டியிடம் இருக்கக் கூடாது. கேமரா எங்கிருக்கிறது என்று நீங்களே உள்ளே உட்கார்ந்து அண்ணாந்து பாருங்கள். தையல் நடக்கும் ஃபுளோரில் கேமரா மாட்டிய எலக்ட்ரீசியன் பழக்கதோஷத்தில் இங்கேயும் ஒன்று மாட்டியிருக்கலாம். கதவில் கண்ணாடி இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். கைப்பிடி வைத்த, முதுகு சாயும் நாற்காலி. உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டும் உயரத்தில் ப்ளக் பாயின்ட். மின்விசிறி. துப்பட்டாவும் பையும் மாட்ட ஒரு கொக்கி. மூடியுள்ள குப்பைக்கூடை. பக்கத்திலேயே சோப்போடு ஒரு குழாய். ‘உள்ளே ஆள் உண்டு’ என்று திருப்பிவைக்கும் ஒரு அட்டை.

பேருந்து நிலையங்களில் 2015இல் தமிழக அரசு பாலூட்டும் அறைகளைத் திறந்தபிறகு, அந்தப் படம் போட்ட பலகை எல்லாருக்கும் பழக்கமாகிவிட்டது. அதனால் பலகை வைக்கக் கூச்சப்பட வேண்டாம். யார் வந்தார், எத்தனை மணிக்கு வந்தார் என்று கையெழுத்து வாங்கும் நோட்டு மட்டும் வைக்காதீர்கள். சரக்கு வாங்கும் பையரின் ஆடிட்டுக்குக் காட்ட வேண்டும் என்பார்கள். அறையைக் காட்டுங்கள், ரிலீவர் பட்டியலைக் காட்டுங்கள், போதும். ஆடிட் முடிந்த மறுநாள் அந்த அறைக்குள் அட்டைப்பெட்டி அடுக்காமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்புதான்.

எடுத்த பாலை எங்கே வைப்பது

நம் ஊர் வெயிலில் இதில் அலட்சியம் கூடாது. அறை வெப்பத்தில் நாலு மணி நேரம் வரை வைக்கலாம் என்று வெளிநாட்டுக் கையேடுகளில் படித்திருப்பீர்கள். அது 25 டிகிரி அறைக்குச் சொன்னது. சித்திரை மாதத்துத் தகரக் கூரை ஃபுளோருக்கு அந்தக் கணக்கு ஓடாது. எடுத்த உடனே ஃப்ரிட்ஜ், இல்லாவிட்டால் ஐஸ் பேக் போட்ட கூலர் பை.

ஃப்ரிட்ஜ் 4 டிகிரியிலோ அதற்குக் கீழோ இருந்தால் நாலு நாள் வரை பால் தாங்கும். கதவுத் தட்டில் வைக்காமல், குளிர் மாறாத உள்பக்கம் வைக்கச் சொல்லுங்கள். தனி ஃப்ரிட்ஜ் வாங்க முடியாவிட்டால் கேன்டீன் ஃப்ரிட்ஜிலேயே மூடிய டப்பா ஒன்றுக்குள் வைக்கலாம். தாய்ப்பாலும் உணவுதான், மற்ற உணவோடு இருப்பதில் தவறில்லை. கண்ணாடியிலோ உணவுக்கேற்ற கெட்டி பிளாஸ்டிக்கிலோ இறுக்கமான மூடியுள்ள பாத்திரம் நல்லது. மேலே பெயர், தேதி, நேரம். ஒரு வேளைக்குக் குழந்தை குடிக்கும் அளவாக, 60 முதல் 120 மில்லி வரை பிரித்து வைத்தால் வீணாகாது. கரன்ட் போய்ப் போய் வரும் இடமென்றால் ஃப்ரீசரில் எப்போதும் நாலு ஐஸ் பேக் உறைந்து கிடக்கட்டும். மாலையில் கம்பெனி பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுபோகவும் அவைதான் உதவும். நன்றாக உறைந்த ஐஸ் பேக்கோடு கூலர் பையில் ஒரு நாள் வரை பால் கெடாது.

வைத்த பாலில் மேலே ஆடைபோல் கொழுப்பு தனியாக நிற்கும். கெட்டுவிட்டது என்று புதியவர்கள் கொட்டிவிடுவார்கள். மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். நேரடியாக அடுப்பிலோ மைக்ரோவேவிலோ சுடவைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் டப்பாவை வைத்துச் சூடேற்ற வேண்டும். குழந்தை குடித்து மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

பம்ப் கட்டாயமில்லை. கையாலேயே பீய்ச்சி எடுப்பவர்கள் ஏராளம். கம்பெனி பம்ப் வாங்கினாலும், மார்பில் படும் பாகங்களும் குழாயும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி செட்டாக இருக்க வேண்டும். மோட்டாரை மட்டும் பகிரலாம், அதுவும் பலர் பயன்படுத்தவென்றே செய்த மாடலாக இருந்தால்.

காப்பகம்

50 பேரைத் தாண்டியும் காப்பகம் இல்லாத கம்பெனிகளில் வழக்கமாகச் சொல்லும் காரணம் இடம், ஆயாவின் சம்பளம். பக்கத்து யூனிட்டுகள் சேர்ந்து பொதுவாக ஒன்று நடத்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஒரே காம்பவுண்டுக்குள்ளும் ஒரே தெருவிலும் நாலைந்து கம்பெனி இருக்கும் ஊரில் இதைச் செய்யாமலிருக்கக் காரணம் கண்டுபிடிப்பது கஷ்டம். தூரத்தை மட்டும் பாருங்கள். போய்வரவே இருபது நிமிடம் ஆகுமென்றால், ஒரு நாளைக்கு நாலு முறை என்ற உரிமை பேப்பரில்தான் இருக்கும்.

வாய்கள்

“இவ தூங்கத்தான் போறா” என்று ஒருவர் சொல்வார். சட்டை நனைந்ததைப் பார்த்து இன்னொருவர் சிரிப்பார். முதலாவதை சூப்பர்வைசரே அதட்டி முடித்துவிடலாம். இரண்டாவதும், ஆபாசமாக வரும் எந்தக் கமென்ட்டும் 2013 பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்கீழ் உள்ளகப் புகார்க் குழுவுக்குப் போகக்கூடிய விஷயம். குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை அந்த அறைக்குள்ளும் ஒட்டிவையுங்கள். டார்க் கலர் ஓவர்கோட் ஒன்றை அவருக்கு எக்ஸ்ட்ராவாகக் கொடுத்து வையுங்கள். சின்ன விஷயம், முதல் வாரத்தில் பெரிய உதவி.

சாயப்பட்டறை, பிரின்டிங், துணியில் கறை எடுக்கும் கெமிக்கல் பக்கம் வேலை செய்பவர் என்றால், பால் எடுக்கும் முன் கை கழுவுவதோடு மேலே போட்டிருக்கும் கோட்டையும் கழற்றிவிடச் சொல்லுங்கள். கடுமையான சால்வென்ட் புழங்கும் இடமென்றால், சம்பளம் குறையாமல் வேறு இடத்துக்கு மாற்றுவது பற்றி கம்பெனி டாக்டரிடம் பேசுங்கள்.

பரிசுப் பொருள் விஷயத்திலும் கவனம் வேண்டும். குழந்தை பெற்று வந்தவருக்குப் பால்பவுடர் டப்பாவும் ஃபீடிங் பாட்டிலும் வைத்து கிஃப்ட் பேக் கொடுக்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள், ஸ்பான்சரும் பிடித்து வருவார்கள். இவற்றை விளம்பரப்படுத்துவதையும் இலவச சாம்பிள் கொடுப்பதையும் தாய்ப்பாலுக்கு மாற்றான பொருட்கள் பற்றிய 1992 சட்டம் தடுக்கிறது. கூலர் பையும் இரண்டு ஐஸ் பேக்கும் ஒரு பாலாடையும் வாங்கிக் கொடுங்கள்.

எப்போது முடிப்பது

சட்டம் 15 மாதம் என்கிறது. அந்தத் தேதியில் இடைவேளையைச் சட்டென்று வெட்டாதீர்கள். பால் எடுப்பதை ஒரே நாளில் நிறுத்தினால் மார்பு கட்டிக்கொள்ளும். மூன்று முறை இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, சில வாரத்தில் தானாகக் குறையட்டும். அதற்கு முன்பே நிறுத்திக்கொள்கிறேன் என்று ஒருவர் சொன்னால், ஏன் என்று துருவ வேண்டியதில்லை. நேரம் கிடைக்காததால்தானா என்று மட்டும் ஒருமுறை கேளுங்கள். எதுவானாலும் “போதுங்க மேடம்” என்று அவரே வந்து சொல்லும்வரை அந்த ரிலீவரை வேறு லைனுக்கு மாற்றவேண்டாம்.